சாவி சிக்கும் பைக்: எண்ணெய் விடுவதா, சாவி வெட்டுவதா, லாக் செட்டையே மாற்றுவதா?

பைக்கின் இக்னிஷன் பூட்டு ஒரே நாளில் கெடுவதில்லை. முதலில் காலை நேரத்தில் மட்டும் சாவி கொஞ்சம் முரண்டு பிடிக்கும். மெல்ல ஆட்டினால் திரும்பிவிடும். அப்புறம் மழை பெய்த மறுநாளெல்லாம் முரண்டு பிடிக்கும். பிறகு சாவியை அரை மில்லிமீட்டர் வெளியே இழுத்துத் திருப்பினால்தான் போகும் என்ற நிலை வரும். வீட்டில் இருப்பவர்களுக்கும் அந்த வித்தையைச் சொல்லிக் கொடுத்துவிட்டு ஓட்டிக்கொண்டிருப்போம். கடைசியில் ஆபீஸுக்கு நேரமாகிவிட்ட ஒரு காலையில் பலம் கொடுத்துத் திருப்ப, சாவி உள்ளேயே முறியும். அதுவரை 100, 200 ரூபாயில் முடிந்திருக்கக்கூடிய வேலை, அன்று வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிற வேலையாகிவிடுகிறது.

முரண்டு பிடிக்க ஆரம்பித்ததும் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். எண்ணெய் விடச் சொல்வார் ஒருவர். புதுச் சாவி போடச் சொல்வார் இன்னொருவர். மெக்கானிக் லாக் செட்டை, அதாவது வண்டியின் பூட்டுகளையும் சாவியையும் மொத்தமாக, மாற்றிவிடலாம் என்பார். இவை எல்லாமே சரியான வைத்தியம்தான், ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு நோய்க்கு. தேய்ந்தது சாவியா, உள்ளே இருக்கும் தகடா, அல்லது அழுக்குதானா என்று பார்க்காமல் எதைச் செய்தாலும் பணம் வீண். அதைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிஷம் போதும், கருவி எதுவும் வேண்டாம்.

உள்ளே நடப்பது என்ன

நம் ஊரில் ஓடும் ஸ்பிளெண்டர், பல்சர், ஷைன், அப்பாச்சி போன்ற வண்டிகளில் பொதுவாக இருப்பது தகட்டுப் பூட்டு. சாவி நுழையும் உருளையை மெக்கானிக்குகள் பேரல் என்பார்கள். அதில் வரிசையாக மெல்லிய பித்தளைத் தகடுகள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன ஸ்பிரிங். சாவி இல்லாதபோது அந்த ஸ்பிரிங்குகள் தகடுகளைப் பேரலுக்கு வெளியே தள்ளி, சுற்றியுள்ள கூட்டின் பள்ளத்தில் மாட்டி வைத்திருக்கும். சரியான சாவி நுழைந்தால் அதன் வெட்டுகள் எல்லாத் தகடுகளையும் பேரலுக்குள் சமமாக இழுத்துக்கொள்ளும். அப்போதுதான் பேரல் சுழலும். ஒரே ஒரு தகடு முடி அளவு துருத்திக்கொண்டிருந்தாலும் சிக்கும்.

பேரலுக்கு அடியில் இன்னும் இரண்டு வேலைகள் நடக்கின்றன. பேரலின் வால் போய் ஒரு பிளாஸ்டிக் சுவிட்சைத் திருப்புகிறது. மின்சாரம் பாய்வதும் நிற்பதும் அங்கேதான். ஹேண்டில் பூட்டும் அதே கூட்டில் இருக்கும் வண்டிகளில், ஒரு இரும்பு ஆணி வெளியே வந்து வண்டியின் கழுத்தில் உள்ள துளையில் உட்காருகிறது. பழைய வண்டிகள் பலவற்றில் இந்த சைடு லாக் தனியாகக் கழுத்துப் பக்கத்தில் இருக்கும். அதற்கும் இக்னிஷன் சாவி சிக்குவதற்கும் தொடர்பில்லை.

முதலில் பீரோவில் இருக்கும் ஸ்பேர் சாவி

வண்டி வாங்கியபோது கொடுத்த இரண்டாவது சாவியை எடுத்து வந்து போட்டுப் பாருங்கள். மற்ற எந்தச் சோதனையையும் விட இதுதான் அதிகம் சொல்லும்.

ஸ்பேர் சாவி தடையில்லாமல் திரும்புகிறது என்றால், தினமும் பயன்படுத்தும் சாவிதான் தேய்ந்திருக்கிறது. இரண்டு சாவிகளையும் முதுகோடு முதுகாகச் சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கண்ணுக்கே தெரியும். ஸ்பேரின் பற்கள் கூர்மையாக, முனை மழுங்காமல் இருக்கும். பழையதில் மேடுகள் உருண்டு, பள்ளங்கள் ஆழம் குறைந்து, நுனி கூராகிப் போயிருக்கும்.

இரண்டு சாவியும் ஒரே மாதிரி கரகரவென்று நுழைந்தால் உள்ளே மண்ணும் பழைய எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்திருக்கிறது. இது சுத்தம் செய்தால் தீரும்.

மூன்றாவது வகை பலரைக் குழப்புகிறது. பழைய சாவி சுமாராகத் திரும்பும், ஸ்பேர் சாவியோ அதைவிட அதிகமாகச் சிக்கும். புதுச் சாவி எப்படி மோசமாக வேலை செய்யும் என்று தோன்றும். பல வருஷமாகச் சாவியும் தகடும் ஒன்றையொன்று தேய்த்து, தங்களுக்குள் ஒரு பொருத்தத்தை உண்டாக்கிக்கொண்டிருக்கின்றன. அந்தப் பொருத்தம் தேயாத சாவிக்குக் கிடையாது. இந்த நிலையில் எத்தனை புதுச் சாவி வெட்டினாலும் தீராது. தகடுகள் தேய்ந்துவிட்டன. சாவியை ஆன் நிலையிலேயே உருவ முடிகிறது என்றாலும் அர்த்தம் அதேதான்.

ஹேண்டில் பூட்டிலிருந்து விடுவிக்கும்போது மட்டும் சாவி சிக்கினால், ஹேண்டிலை இடமும் வலமும் லேசாக அசைத்துக்கொண்டே திருப்பிப் பாருங்கள். பக்கவாட்டு அழுத்தத்தில் ஆணி இறுகிக்கொண்டிருக்கும், அழுத்தம் போனதும் விட்டுவிடும். சாவி நன்றாகத் திரும்பி, ஆனால் மீட்டர் விளக்கு மினுக்மினுக்கென்று வந்து போனால், பூட்டில் குறையில்லை. அடியில் உள்ள சுவிட்சின் காண்டாக்ட் கருகியோ பச்சை பிடித்தோ இருக்கிறது.

எண்ணெய்: எது, எவ்வளவு

நம் வீடுகளில் பூட்டு சிக்கினால் கை தானாகத் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குப் போகும். அன்றைக்குப் பலன் தெரியும் என்பதால் அதன் மேல் நம்பிக்கையும் நிற்கிறது. ஆனால் தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். ஊட்டி, கொடைக்கானலில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு மார்கழிக் காலையில் பூட்டுக்குள் அது கட்டியாக நிற்கும். சமவெளியில் உறையாவிட்டாலும் நாளாவட்டத்தில் பிசுக்காகி, தெருப் புழுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்தக் கலவை தகடுகளைத் தேய்க்கிற பசையாக மாறுகிறது. என்ஜின் ஆயிலும் இதே கதைதான், இன்னும் கெட்டி. வேறு வழியே இல்லாத இடத்தில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு பரவாயில்லை.

அடுத்தது டபிள்யூடி-40. 1953-இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் ராக்கெட் கெமிக்கல் என்ற கம்பெனி, நீரை விரட்டித் துருவைத் தடுப்பதற்காக உருவாக்கிய திரவம் இது. நாற்பதாவது முயற்சியில் கைகூடியதால்தான் பெயரில் அந்த 40. அதன் பலம் இன்றைக்கும் அதுதான். ஈரத்தை வெளியேற்றும், காய்ந்த பிசுக்கை இளக்கும். மழையில் நனைந்த பூட்டுக்கு அருமையான மருந்து. ஆனால் அதன் பெரும்பகுதி ஆவியாகிப் போய்விடும், மிச்சம் நிற்பது மெல்லிய படலம்தான். அடித்த வாரம் பூட்டு நன்றாக இருந்து, சில வாரத்தில் பழையபடி ஆவதற்குக் காரணம் இதுதான். கழுவுவதற்கு அதை வைத்துக்கொள்ளுங்கள், நிரந்தர மசகாக நினைக்காதீர்கள்.

கிராஃபைட் தூள் வீட்டுப் பூட்டுக்கு மிக நல்லது. காய்ந்தே இருக்கும், புழுதி ஒட்டாது. பென்சிலைச் சாவியில் தேய்த்துப் போடச் சொல்வதும் இதனால்தான். ஹெச்பி பென்சிலில் களிமண் அதிகம் என்பதால் படம் வரையும் 6பி பென்சில் மேல். ஆனால் பைக் விஷயத்தில் எனக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு. கிராஃபைட் மின்சாரம் கடத்தும், பேரலுக்கு நேர் அடியில் 12 வோல்ட் காண்டாக்ட்டுகள் இருக்கின்றன. சாவியில் பென்சிலைத் தேய்த்து நாலு முறை போட்டு எடுப்பதில் ஒன்றும் ஆகாது. தூள் டப்பாவைக் கவிழ்த்துப் பிழிவது வேண்டாம். அதற்குக் கூடவே எண்ணெயும் விட்டால் இரண்டும் சேர்ந்து கறுப்புக் களியாகிவிடும்.

இக்னிஷன் பூட்டுக்கு என் ஓட்டு பிடிஎஃப்இ (டெஃப்லான்) கலந்த உலர் ஸ்பிரேவுக்கு. மின்சாரம் கடத்தாது, புழுதியை ஈர்க்காது, பல மாதம் நிற்கும். பெரிய ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கிறது.

செய்முறை சுலபம். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிடுங்கள். ஸ்பிரே குழாயைச் சாவித் துளைக்குள் விட்டு டபிள்யூடி-40 அடித்து, உடனே சாவியை விட்டு எடுத்து, ஒரு வெள்ளைத் துணியில் துடையுங்கள். முதல் சில முறை கறுப்பாக வரும். அந்தக் கறுப்பைத் துணியில் பரப்பி வெயிலில் சாய்த்துப் பார்த்தால் நடுவே பொன்னிறமாகப் பொடி மின்னும். அது பித்தளை, பெரும்பாலும் உங்கள் பூட்டின் தகடுகளிலிருந்து உதிர்ந்தது. கொஞ்சம் மின்னினால் இயல்பு. துணி முழுக்க மின்னினால் தகடுகளின் ஆயுள் முடியப்போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். துணி சுத்தமாக வரும்வரை கழுவி, நன்றாக உலரவிட்டு, கடைசியில் உலர் ஸ்பிரே ஒரு முறை. பெட்ரோல் ஊற்றிக் கழுவும் பழக்கம் சில பட்டறைகளில் உண்டு. மின் காண்டாக்ட்டின் தலையில் பெட்ரோல் ஊற்றுவதை எக்காரணம் கொண்டும் அனுமதிக்காதீர்கள்.

வாட்டர் வாஷ் விடும்போது சாவித் துளையை டேப் போட்டு மூடச் சொல்லுங்கள். அழுத்தத்தில் வரும் தண்ணீர் வெளியே இருக்கும் மண்ணைத் தகடுகளின் இடுக்கு வரை கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

புதுச் சாவி எப்போது உதவும்

ஸ்பேர் சாவி நன்றாக வேலை செய்கிறது என்றால் இது முடிந்துபோன பிரச்சினை. சாவி வெட்டுபவரிடம் ஸ்பேரைக் கொடுத்து நகல் எடுங்கள். பழைய சாவியைக் கொடுக்காதீர்கள். தேய்ந்த சாவியை அச்சாக வைத்தால் தேய்மானமும் அப்படியே நகலில் வரும், அதோடு மெஷினின் பிசகும் சேரும். நகலைத் தினப்படிக்கு வைத்துக்கொண்டு அசல் ஸ்பேரைத் திரும்பப் பீரோவில் வைத்துவிடலாம்.

ஸ்பேர் தொலைந்துவிட்டது என்றால் சாவி எண்ணைத் தேடுங்கள். பல மாடல்களில் சாவியிலேயோ, சாவியோடு வந்த சின்னத் தகட்டிலேயோ எண் அடித்திருக்கும். அந்த எண்ணை வைத்துக் கம்பெனி அளவில் சாவி வாங்க முடியுமா என்று சர்வீஸ் சென்டரில் கேட்கலாம். எல்லா மாடலுக்கும் கிடைக்காது, கிடைத்தால் விடாதீர்கள்.

நகல் சாவியின் உலோகத்தையும் கவனிக்க வேண்டும். மெல்லிய, மிருதுவான சாவி சிக்கும் பூட்டில் முறுக்கிக்கொள்ளும். தலைக்கும் தண்டுக்கும் நடுவே வெள்ளைக் கோடு தெரிந்தால் அது முறியப்போகும் இடம், அதைப் பயன்படுத்தாதீர்கள். முறிந்தே போனால் பேரலை ஆஃப் நிலைக்கு நேராகக் கொண்டுவந்த பிறகுதான் துண்டு வெளியே வரும். மெல்லிய ரம்பத் தகட்டின் பற்களைத் துண்டின் ஓரத்தில் மாட்டி இழுக்க வேண்டும். ஃபெவிக்விக் வைத்து ஒட்டி இழுக்கும் யோசனை பூட்டையே காவு வாங்கிவிடும்.

தகடு எடுத்துவிடுவது

தேய்ந்த தகடுதான் காரணம் என்று தெரிந்துவிட்டால், சாவிக்காரர் பெரும்பாலும் சொல்லும் வழி ஒன்று இருக்கிறது. பக்கத்து வீட்டுத் தம்பியின் பழைய 100 சிசி வண்டிக்காக அவனோடு போயிருந்தபோது பேரலைக் கழற்றி மேஜையில் வைத்துக்கொண்டு சாவிக்காரர் சொன்னார்: “தம்பி, சிக்குற தகடு ரெண்டையும் எடுத்து விட்டுடுறேன். வெண்ணெய் மாதிரி திரும்பும், செலவும் கம்மி.” தம்பி என்னைப் பார்த்தான். “மிச்ச தகடு எத்தனை இருக்கும்ணே?” என்று கேட்டேன். அவர் எண்ணிப் பார்த்து, “நாலு நிக்கும் சார்” என்றார். அதிலும் ஒன்று தேய்ந்து, எந்தச் சாவிக்கும் வழிவிடும் நிலையில் இருந்தது.

அவர் ஏமாற்றவில்லை, சொன்னபடி பூட்டு நன்றாகத் திரும்பியிருக்கும். ஆனால் எடுக்கும் ஒவ்வொரு தகட்டுக்கும் அந்தப் பூட்டைத் திறக்கக்கூடிய சாவிகளின் கூட்டம் பெரிதாகிக்கொண்டே போகிறது. இரண்டு மூன்று தகடு போன பூட்டை ஏறக்குறைய எந்தச் சாவியும், ஒரு ஸ்க்ரூ டிரைவர் நுனியும் திறந்துவிடும். தெருவில் நிறுத்தும் வண்டிக்கு இது கூடாது என்பது என் உறுதியான எண்ணம். தகட்டை எடுக்காமல் அதே அளவில் வேறு தகடு மாற்றித் தரும் கைகாரர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் கிடைத்தால், குறிப்பாக நல்ல புது உதிரிபாகம் எளிதில் கிடைக்காத ஆர்எக்ஸ் 100, பழைய புல்லட் போன்ற வண்டிகளுக்கு, அதைவிட நல்ல வழி இல்லை. கைகாரரின் நேரத்துக்குத் தாராளமாகவே கொடுக்கலாம்.

முழு லாக் செட்டா, இக்னிஷன் மட்டுமா

லாக் செட் என்று கேட்டால் இக்னிஷன் பூட்டு, டேங்க் மூடி, மாடலைப் பொறுத்து சீட் அல்லது சைடு கவர் பூட்டு, எல்லாவற்றுக்கும் பொதுவாக இரண்டு சாவி வரும். சாதாரண 100, 125 சிசி வண்டிகளுக்கு விலை 1,000 ரூபாயை ஒட்டி மேலும் கீழும் இருக்கும். கூலி தனி. இக்னிஷனை மட்டும் வாங்கினால் இதில் கொஞ்சம் குறையும். ஆனால் அதன்பின் வண்டிக்கு ஒரு சாவி, பெட்ரோல் போட ஒரு சாவி. பங்கில் வரிசையில் நிற்கும்போது இரண்டாவது சாவி வீட்டில் இருக்கும். டேங்க் மூடியும் அதே பழைய சாவியால் கொஞ்சமாவது தேய்ந்ததுதான் என்பதையும் மறக்க வேண்டாம். வண்டியை இன்னும் மூன்று நான்கு வருஷம் ஓட்டும் எண்ணம் இருந்தால் முழு செட்தான் கணக்குக்குச் சரி. சீக்கிரம் கைமாற்றப் போகிறீர்கள் என்றால் இக்னிஷன் மட்டும் போதும்.

கம்பெனி செட் எடுப்பதா, லோக்கல் எடுப்பதா என்பதில் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது. கம்பெனி டப்பாவில் வருவதை வாங்குங்கள், அல்லது கம்பெனிகளுக்கே பூட்டு செய்து கொடுக்கும் ஸ்பார்க் மிண்டா போன்றவர்களின் செட்டை வாங்குங்கள். மலிவுச் செட்டில் தகடு குறைவாக இருக்கும், கூடு லேசாக இருக்கும், ஒரே மாதிரி சாவி பல வண்டிக்குப் போகும். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கேட்டால் இரண்டு தரத்தையும் கையில் வாங்கி எடை பார்த்தே வித்தியாசம் உணரலாம். புதுப்பேட்டையில் பழைய செட் கிடைக்கும். உற்பத்தி நின்றுபோன வண்டிக்கு அது கை கொடுக்கும். ஆனால் ஓடும் மாடலுக்கு இன்னொருவர் தேய்த்த பூட்டைக் காசு கொடுத்து வாங்க வேண்டிய அவசியமில்லை. அதன் மூன்றாவது சாவி யாரிடம் இருக்கிறது என்றும் தெரியாது.

காண்டாக்ட் மட்டும் கெட்டிருந்தால் செட் வேண்டாம். பல மாடல்களில் அடிப்பக்க சுவிட்ச் தனியாகக் கழலும். பச்சையைத் தேய்த்து எடுத்து, காண்டாக்ட் கிளீனர் அடித்து மாட்டலாம், முடியாவிட்டால் அந்தப் பாகத்தை மட்டும் மாற்றலாம். ஆக்டிவா மாதிரி ஸ்கூட்டர்களில் சாவித் துளையின் காந்த மூடி சிக்குவதைப் பூட்டே போய்விட்டதாக நினைத்து மாற்றிவிடுகிறார்கள். அந்த மூடியின் இடுக்கைக் கழுவிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஒயரைப் பிரித்துத் தனி சுவிட்ச் வைத்துக்கொள்ளும் வழியைச் சொல்பவர்களும் உண்டு. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்6 வண்டிகளில் பெரும்பாலானவை கார்புரேட்டர் இல்லாத ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வகை. வண்டியின் பெட்ரோல் பம்புக்கும் இசியூ என்ற என்ஜின் கம்ப்யூட்டருக்கும் போகிற மின்சாரம் இந்த சுவிட்ச் வழியாகத்தான். கையடக்கச் சுவிட்சும் மெல்லிய ஒயரும் அங்கே வோல்டேஜைக் குறைத்து வேறு கோளாறுகளை இழுத்து வரும். யார் வேண்டுமானாலும் தட்டி எடுத்துப் போகலாம் என்பது இருக்கவே இருக்கிறது. ஊர் போய்ச் சேரும்வரை என்றால் சரி.

வண்டி திருடுபோனால் இன்சூரன்ஸ் நிறுவனம் வழக்கமாக இரண்டு அசல் சாவியையும் கேட்கும். லாக் செட் மாற்றியிருந்தால் பழைய சாவிகளைத் தூக்கிப் போடாமல், செட் வாங்கிய பில்லோடு சேர்த்து ஆர்சி நகல் இருக்கும் கவரிலேயே வைத்திருங்கள். பில் இல்லாமல் லோக்கல் கடையில் வாங்கி மிச்சப்படுத்தும் நூறு இருநூறு, அந்த நேரத்தில் பெரிய சிக்கலாகும்.

சாவிக்கொத்தின் எடை

எந்த வழியை எடுத்தாலும் இதைக் கூடவே செய்யுங்கள். வீட்டுச் சாவி, கடைச் சாவி, பாட்டில் ஓப்பனர் எல்லாவற்றையும் பைக் சாவியோடு தொங்கவிடும் பழக்கத்தை நிறுத்துங்கள். ஒவ்வொரு குழியிலும் அந்தக் கொத்து ஆடி, பேரலைப் பக்கவாட்டில் அரைக்கிறது. 2014-இல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது நினைவிருக்கலாம். இக்னிஷன் சுவிட்சின் பிடிப்பு பலவீனமாக இருந்ததால், கனமான சாவிக்கொத்தோ முழங்கால் இடிப்போ போதும், ஓடும்போதே சாவி ரன் நிலையிலிருந்து நழுவியது. என்ஜின் நின்றது, ஏர்பேக்கும் செயலிழந்தது. இழப்பீட்டு நிதி 124 மரணங்களை ஏற்றுக்கொண்டது. பழுது பார்க்கும்வரை சாவியைத் தவிர வளையத்தில் எதையும் மாட்டாதீர்கள் என்றுதான் உரிமையாளர்களிடம் அந்த கம்பெனி சொன்னது. தேய்ந்த பூட்டுள்ள பைக்கிலும் ஓடும்போது சாவி தானாகத் திரும்ப வாய்ப்புண்டு. லாரிக்கு முன்னால் போகும்போது என்ஜின் நிற்பதை எண்ணிப் பார்த்தால் இது வெறும் சாவிப் பிரச்சினை இல்லை என்பது புரியும்.

என்னைக் கேட்டால் வரிசை இதுதான். இன்று சாயங்காலமே ஸ்பேர் சாவியைப் போட்டுப் பார்ப்பது. அது ஓடினால் அதிலிருந்து நகல். இரண்டும் கரகரத்தால் கழுவி உலர் ஸ்பிரே. கழுவியும் ஒரு மாதம் தாங்காவிட்டால், அல்லது ஸ்பேர் இன்னும் மோசமாகச் சிக்கினால், சாவி முறியக் காத்திருக்காமல் முழு கம்பெனி செட்.

செட் மாட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். சில மாடல்களில், ஸ்பேனரால் யாரும் கழற்ற முடியாதபடி, இறுக்கியதும் தலை முறியும் வகை போல்ட் போட்டிருக்கும், அதைத் துளைத்து எடுக்க வேண்டியிருக்கும். சாதாரண போல்ட்டைத் திரும்பப் போட்டுவிட்டுப் போக விடாதீர்கள். மாட்டி முடித்ததும் சாவியை ஆன் செய்து, ஹேண்டிலை இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை திருப்பிப் பாருங்கள். பூட்டிலிருந்து போகும் ஒயர் எங்கேயாவது இழுபட்டு மீட்டர் விளக்கு அணைந்தால், கப்ளரை (ஒயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் சொருகியை) மறுபடி கழற்றி ஒயரைத் தளர்த்தி விடச் சொல்லுங்கள். ஹேண்டில் பூட்டையும், அது விழும் பக்கங்களில் எல்லாம், போட்டு எடுத்துப் பாருங்கள். இரண்டு சாவியையும் எல்லாப் பூட்டிலும் போட்டுச் சரிபார்த்த பிறகு கூலியைக் கொடுங்கள்.